ரிலீவர் வந்தாச்சா?

மே 12 உலக செவிலியர் தினம். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன: ஊரே கதவடைத்துக் கிடந்த கொரோனா நாட்களில் செவிலியர்களை மட்டும் வேலைக்கு வரவைத்தது எது? வளவனூரில் உட்கார்ந்து எழுதுவதால் நம் வட்டாரத்துக் கேள்விகளே அதிகம் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். 2021 மே மாதம் ஒன்பது நாள் ஆக்சிஜன் படுக்கையில் கிடந்து, அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே பிழைத்து வந்தவன் நான்.

கேள்வி: கொரோனா வந்ததும் நான் பாதி நாள் கடையைச் சாத்திவிட்டேன். செவிலியர்கள் மட்டும் எந்தத் தைரியத்தில் வேலைக்குப் போனார்கள்?
(மளிகைக் கடைக்காரர், வளவனூர்)

பதில்: உங்கள் கடைக்கு ஷட்டர் இருக்கிறது. வார்டுக்குக் கிடையாது.

ஆஸ்பத்திரியில் ‘ரிலீவர்’ என்று ஒரு சொல் புழங்கும். அடுத்த ஷிப்டுக்கு வந்து பொறுப்பை வாங்கிக்கொள்பவர் என்று பொருள். எந்தப் படுக்கைக்கு என்ன ஊசி போயிருக்கிறது, யாருக்கு மூச்சு இறங்குகிறது, யார் ராத்திரி சாப்பிடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் நோட்டில் கையெழுத்துப் போடும் வரை, டூட்டியில் இருப்பவர் வார்டை விட்டு நகர முடியாது. மணி எத்தனை ஆனாலும் இதுதான் வழக்கம்.

காலையில் எழுந்து ‘இன்றைக்கு ஒரு நாள் போகாவிட்டால் என்ன’ என்று நினைக்கும் செவிலியருக்கு முதலில் நினைவு வருவது நாடோ சேவையோ கிடையாது. ராத்திரி முழுக்கக் கவச உடைக்குள் வெந்து, இவள் வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் தோழிதான். அவளைக் கைவிட மனம் வராமல்தான் பஸ் ஓடாத நாட்களிலும் கணவர் பைக்கிலும் ஆஸ்பத்திரி வண்டியிலும் பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

கேள்வி: அவர்களுக்குப் பயமே இருக்காதா?
(கல்லூரி மாணவர், கோலியனூர்)

பதில்: நம்மைவிட அதிகமாகவே இருந்தது. நமக்கு டிவியில் பார்த்த பயம். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த பயம். அந்தப் பயம்தான் அவர்களைக் கையுறையை ஒழுங்காகப் போடவும் கையை நாற்பது தடவை கழுவவும் வைத்தது. தனக்கு வந்துவிடுமோ என்பதைவிட, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்பதுதான் பெரிய பயம். ஒரு வாரம் டூட்டி, அப்புறம் தனிமை என்று லாட்ஜிலும் விடுதியிலும் தங்கினார்கள். கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தொடாமல் திரும்பிய தாய்மார் இந்த வட்டாரத்திலேயே உண்டு.

கேள்வி: அந்தக் கவச உடை அவ்வளவு கஷ்டமா? தொழிலுக்கு உள்ள உடுப்புதானே!
(பட்டு நெசவாளர், சிறுவந்தாடு)

பதில்: உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறி இல்லாமல், உடம்பு முழுக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு தறிக்குழியில் இறங்குங்கள். மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டுங்கள். ஆவி படிந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு கையுறைக்கு மேலே, அறுந்த இழையைப் பிணையுங்கள். ஆறு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. ஒண்ணுக்குப் போக முடியாது. மாதவிலக்கு நாளானாலும் இதே கதைதான். அவர்கள் தேடியது இழையை இல்லை. நீர் வற்றிப்போன ஒரு கிழவியின் கையில் நரம்பை. பல நேரம் கண்ணுக்குத் தெரியாமல், விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடித்தார்கள்.

நான் கிடந்த வார்டில் எல்லாரும் தலை முதல் கால் வரை ஒரே வெள்ளை. ஆள் அடையாளம் தெரிய நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதியிருப்பார்கள். அதில் ஒரு பெண், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூவும் வரைந்திருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு என் விரலில் மாட்டியிருந்த கருவி 88 காட்டியது. “குப்புறப் படுங்கப்பா” என்று என்னைப் புரட்டி, நெஞ்சுக்கடியில் ஒரு தலையணையைச் செருகி, முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றாள். “மெதுவா இழுங்க… விடுங்க…” எண் 91-க்கு ஏறும் வரை அந்தக் கை எடுபடவில்லை. “ஏம்மா, உனக்குப் பயமா இல்லையா?” என்று திணறித் திணறிக் கேட்டேன். “பயம்தாம்பா. அதுக்காக ரிலீவர் வராம விட்டுட்டுப் போக முடியுமா?” என்றாள். மேலே இந்தச் சொல்லை நான் அத்தனை அழுத்தமாகச் சொன்னதற்குக் காரணம் அவள்தான். முகத்தை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பூவை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

கேள்வி: “எல்லாம் சம்பளத்துக்குத்தான்” என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(இல்லத்தரசி, திண்டிவனம்)

பதில்: உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடினார்கள். கொரோனா வந்தபோது ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு 14,000 ரூபாய். பணத்துக்காக மட்டும் உயிரைப் பணயம் வைப்பவர் இந்தத் தொகைக்கு வைக்க மாட்டார்.

ஆனால் சம்பளத்துக்காக வேலை செய்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கும் வாடகை உண்டு, பிள்ளைக்கு ஃபீஸ் உண்டு. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் சொன்னது இதற்குப் பொருந்தும். சம்பளம், பாதுகாப்பு, பணிச்சூழல் இவையெல்லாம் குறைந்தால் மனம் வெறுத்துப்போகும். அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. ஊக்கம் வேலையின் உள்ளேயிருந்து வரும்: ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, அதை நாலு பேர் மதிப்பது. செவிலியர் விஷயத்தில் அந்த நிறைவு, 88 என்று காட்டிய எண் 91 ஆவதுதான்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டுப் போனவர்களும் இருந்தார்களே, அவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
(ஓய்வுபெற்ற எழுத்தர், விழுப்புரம்)

பதில்: பேச வேண்டும். இருந்தவர்களைப் புரிந்துகொள்ள, போனவர்களைக் கேட்பதுதான் நேர்வழி. 2020 மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான செவிலியர்கள் வேலையை விட்டுவிட்டுச் சொந்த மாநிலங்களுக்குத் திரும்பினார்கள். பெரும்பாலோர் மணிப்பூர்ப் பெண்கள். போதுமான பாதுகாப்பு இல்லை, சம்பளம் சரியாக வரவில்லை, தெருவில் போனால் முகச்சாயலைப் பார்த்து ‘கொரோனா’ என்று ஏசினார்கள் என்று காரணம் சொன்னார்கள். அவர்களுக்கு மனவலிமை போதவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தாங்கிப் பிடிக்க வேண்டிய மூன்று தூண்களும் அவர்களுக்கு இல்லாமல் போயின.

கேள்வி: இதையெல்லாம் யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?
(பள்ளி ஆசிரியை, வளவனூர்)

பதில்: நன்றாகவே. 2003-ல் சார்ஸ் நோய் கனடாவின் டொராண்டோ நகரைப் புரட்டிப்போட்டது. அங்கே சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளின் ஊழியர்களையும், பார்க்காத பக்கத்து நகர மருத்துவமனை ஊழியர்களையும் ஓராண்டுக்கு மேல் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் போன பிறகும் டொராண்டோ ஊழியர்களிடம் மனச்சோர்வு போகவில்லை. அவர்களுக்குள்ளும் ஒரு வேறுபாடு தெரிந்தது. ‘எனக்கு வேண்டிய பயிற்சி கொடுத்தார்கள், பாதுகாப்பு கொடுத்தார்கள், மனத்துக்குத் தெம்பாக நின்றார்கள்’ என்று உணர்ந்தவர்கள் அவ்வளவாக நொறுங்கவில்லை.

வீரம் பிறவிக்குணம் என்று நினைக்கிறோம். அதில் பாதி, ஸ்டோர் ரூமில் முகக்கவசம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கேள்வி: நாங்கள் கைதட்டினோமே, விளக்கேற்றினோமே, அது உதவியதா?
(வேன் ஓட்டுநர், விக்கிரவாண்டி)

பதில்: உதவியது. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்குக் கைதட்டல், ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு விளக்கு, மே 3-ல் மருத்துவமனைகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூ. அன்றைக்குக் கண் கலங்கிய செவிலியர்களை எனக்குத் தெரியும்.

அதே வாரங்களில்தான் ‘வேறு வீடு பார்த்துக்கோங்க’ என்று வீட்டுக்காரர்கள் பலரிடம் சொன்னார்கள். ஏப்ரல் 19-ல் சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்து விரட்டினார்கள். ஒரு டாக்டருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று அன்று ராத்திரி டூட்டியில் இருந்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்களா? மூன்றே நாளில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்குத் தட்டிய கை நல்ல கைதான். அதே கை ராத்திரி ஒன்பது மணிக்கு அவளுக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டால்தான் அந்தத் தட்டலுக்கு அர்த்தம்.

கேள்வி: எல்லாரும் ஆஸ்பத்திரி நர்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊருக்கு வந்துபோன நர்சம்மாவை மறந்துவிட்டீர்களா?
(விவசாயத் தொழிலாளி, கண்டமங்கலம்)

பதில்: நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். 2020 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, அங்கே மூட்டை தூக்கிய நம் ஆட்கள் லாரியிலும் நடந்தும் ஊர் திரும்பினார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. படுக்கையில் கிடந்தவர்களை முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது. யார் வந்திருக்கிறார்கள், யார் மறைந்திருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததில் கிராம சுகாதாரச் செவிலியர்களின் பங்கு பெரியது.

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு செவிலியர் என்பது அரசு வகுத்த அளவு. அவர் கதவைத் தட்டினால் உள்ளிருந்து திட்டு வந்தது. திட்டு வாங்கிய அதே வீட்டுக்கு மறுநாளும் போனார். ஏன்? அந்த வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாதம். ஊரடங்கு என்று எந்தக் குழந்தையும் பிறப்பதைத் தள்ளிப்போடவில்லை. தடுப்பூசி போடும் புதன்கிழமையும் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெண்ணின் முதல் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டவரும் இவர்தான். பத்து வருடப் பழக்கத்தை ஒரு திட்டில் அறுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. முகம் தெரிந்த ஊரில் வேலை செய்பவருக்கு அந்த முகங்களே ஊக்கம்.

கேள்வி: கேரள நர்ஸ் லினியைப் பற்றிச் சொல்லுங்களேன்.
(மருந்துக் கடை ஊழியர், மதகடிப்பட்டு)

பதில்: லினி புதுச்சேரி, கோழிக்கோடு மாவட்டம் பேராம்ப்ரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர். ‘புதுச்சேரி’ அவர் குடும்பப் பெயர். நம் பக்கத்து ஊரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2018 மே மாதம் ஒரு இளைஞருக்கு இரவு முழுக்கப் பணிவிடை செய்தார். அது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தொற்றியது. மே 21-ல் இறந்தார். பஹ்ரைனில் வேலை பார்த்த கணவருக்கு, இனி சந்திக்க முடியும் என்று தோன்றவில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். இரண்டு சிறு பையன்கள். அந்த முறை நிபா கேரளத்தில் 17 பேரைக் கொண்டுபோனது.

லினியை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். அதோடு இன்னொன்றும் உறைக்கும். கொள்ளைநோய் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. பெயர் தெரியாத காய்ச்சலோடு முதல் ஆள் வந்து படுக்கும் ராத்திரியில் பக்கத்தில் நிற்பவர் செவிலியர்தான். பாதுகாப்பு உறை என்பது நோய் வந்த பிறகு வாங்கும் பொருளாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ‘செவிலியர்’ என்ற சொல்லுக்கும் சங்க இலக்கியச் செவிலித்தாய்க்கும் தொடர்பு உண்டா?
(தமிழாசிரியர், திருபுவனை)

பதில்: அங்கிருந்து எடுத்த சொல்தான். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் உடன்போக்குப் போய்விட்டால், பாலை வழியில் வருவோர் போவோரை எல்லாம் கேட்டுக்கொண்டு தேடிப் போகிறவள் செவிலி. பெறாத பிள்ளைக்காகச் சுட்ட மண்ணில் நடந்தவள். நர்ஸுக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் தமிழ் நெஞ்சறிந்தவர்.

வள்ளுவரையும் பாருங்கள். ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். நான்கில் ஒரு பங்கு செவிலிக்கு. பட்ஜெட் போடுபவர்கள் அந்தக் குறளை ஒருமுறை படிக்க வேண்டும்.

கேள்வி: கொரோனாவுக்கு முன்னாலும் இப்படித் துணிந்தவர்கள் உண்டா?
(பத்தாம் வகுப்பு மாணவி, வளவனூர்)

பதில்: உண்டு. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்த சாவித்திரிபாய் புலேயை உன் பாடத்தில் படித்திருப்பாய். 1897-ல் புனேயைப் பிளேக் தாக்கியபோது மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனை முதுகில் சுமந்து வந்தார். பையன் பிழைத்தான். அவருக்குத் தொற்றி மார்ச் 10-ல் இறந்தார். தொட மாட்டோம் என்று ஊர் சொன்ன பிள்ளையைத் தூக்கிச் சுமந்தாரே, செவிலியத்தின் முதல் பாடம் அதுதான் கண்ணு.

கேள்வி: நர்சிங் முதல் வருடம் படிக்கிறேன். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் நான் தாங்குவேனா என்று பயமாக இருக்கிறது. தொடரலாமா?
(மாணவி, விழுப்புரம்)

பதில்: தொடருங்கள் அம்மா. மூன்று சொல்கிறேன். ஒன்று, முதலில் உங்கள் முகக்கவசம், பிறகு நோயாளி. இது சுயநலம் ஆகாது, நீங்கள் விழுந்தால் பத்துப் படுக்கைக்கு ஆளில்லை. இரண்டு, சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். மூன்று, ஒரே ஆக்சிஜன் படுக்கைக்கு இரண்டு பேர் காத்திருந்த நாட்களைப் பார்த்தவர்கள் இன்னும் தூக்கத்தில் விழித்துக்கொள்கிறார்கள். 2021 மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கும் மேல் புதுத் தொற்று. அன்று படுக்கை தேடி அலைந்தவர்கள் கண் முன்னால் நின்றது செவிலியர்தான். காப்பாற்ற முடியாமல் போனது உங்கள் குற்றம் இல்லாவிட்டாலும் உங்கள் குற்றம் போலவே வலிக்கும். அதை உள்ளேயே வைத்துப் பூட்டாதீர்கள். உடன் வேலை செய்யும் ஒருத்தியிடமாவது வாய்விட்டு அழுங்கள். அவளும் அதற்காகத்தான் காத்திருப்பாள்.

கேள்வி: கொரோனா போனது, எங்களையும் மறந்துவிட்டீர்கள். இனி ஒருமுறை கூப்பிட்டால் நான் ஏன் வர வேண்டும்?
(செவிலியர், பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: வந்த கடிதங்களில் நான் அதிகம் படித்தது உங்களுடையதை. மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது என்று அரசு சொன்னது. புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் நின்றார்கள். பிறகு 18,000 ரூபாயில் மாற்றுப் பணி தருவதாக அமைச்சர் அறிவித்தார். உலக அளவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவில் இறந்த மருத்துவப் பணியாளர்கள் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் பேர் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இதற்குப் பிறகும் ‘தெய்வம்’ என்று உங்களைக் கூப்பிட எனக்குக் கூசுகிறது. தெய்வத்துக்குச் சம்பளம் பாக்கி வைக்கலாம், பணி ஆணை தராமல் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் மனுஷி. உங்களுக்குத் தர வேண்டியது கடன்.

ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். வாசகர்களே, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள். நம் சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் எத்தனை? அதில் ஆள் இருப்பது எத்தனை? பேரூராட்சிக்காரர்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். காலி இடம் ஒவ்வொன்றும், ராத்திரி முழுக்க நின்ற ஒரு பெண்ணுக்கு வராமல் போன ரிலீவர்.

கேள்வி: இவ்வளவும் சொன்னீர்கள். அவர்களை வேலையில் நிற்கவைத்தது எது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?
(டீக்கடைக்காரர், முண்டியம்பாக்கம்)

பதில்: காலையில் வார்டு வாசலில் கேட்கும் செருப்புச் சத்தம்.

என் ஒன்பதாவது நாள் காலையில் அதை நானே கேட்டேன். ராத்திரி முழுக்க நின்றவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வந்தவளின் நெஞ்சில், பூவோடு அந்தப் பெயர். நோட்டை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது என் படுக்கை எண்ணைத்தான்.